மூன்றாவது வாசிப்பு

முதலில் அறிவிப்புப் பலகை. அதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும், தோழர். எங்கள் பம்புசெட் கம்பெனியில் சங்கம் வைத்த புதிதில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினோம். ஒரு நாள் காலையில் போனால் பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறது. மழை படாமல் இருக்கத்தான் என்றார்கள். சாவி எங்கே என்றோம். சாவி பழுது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறது என்றார்கள். சாவி எப்படிப் பழுதாகும்?

இரண்டாவது, ஒலிபெருக்கி. கேட் கூட்டத்துக்குச் செக்யூரிட்டி அறையிலிருந்துதான் மின்சாரம் எடுப்போம். போனஸ் கேட்ட வருஷம் நான் மைக்கைப் பிடித்தால் மின்சாரம் போகும், இறங்கினால் வரும். லைனில் பழுது என்றார்கள்.

மூன்றாவது, சங்க அறைத் தொலைபேசி. ஸ்ட்ரைக் தொடங்கிய அன்று காலையில் செத்தது. ஸ்ட்ரைக் முடிந்த அன்று மாலையில் மணி அடித்தது. எடுத்தால் பெர்சனல் மேனேஜர். "பழுது பாத்தாச்சுங்க. நல்லா கேக்குதுங்களா?" என்றார். கேட்டது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நான்காவதுதான் என்னை இந்தக் கோர்ட் வராந்தாவில் உட்கார வைத்திருக்கிற வழக்கு.

வரிசையாகச் சொல்வது என் பழக்கம். பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிட்டது. மீதிப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கைதான். வாசித்துப் படித்தேன், பிறகு எழுதிப் படித்தேன். ஒரு அநியாயத்தை ஒரே பக்கத்துக்குள், எது முன்னே எது பின்னே என்று எண் போட்டுச் சொல்லத் தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வரிசை குலைந்தால் நியாயமே குலைந்துபோகும், அதைப் பலருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

இந்தப் பையா? இதில் ஒன்றும் இல்லை. உங்களுக்கு இடிக்கிறது என்றால் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மில்லில் எப்படி? ஆட்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்றால்? அதேதான். எங்களிடமும் இப்போது போனில் ஒரு சாட் ஆப், அதில் ஒரு குரூப். நான் முதலில் எதிர்த்தேன். காகிதம்தான் கையில் நிற்கும் என்றேன். கமிட்டியில் நல்லுசாமி என்று ஒருவர், லேத் பிரிவு, எனக்கு வலது கை. "அண்ணா, நீங்க நோட்டீஸ் அடிச்சுக் கொண்டாறதுக்குள்ள போனஸே குடுத்து முடிச்சிருவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சரியென்று குரூப் வைத்தோம். எங்கள் கம்பெனி முழுக்கத் தகரக் கூரை. உள்ளே போன் சிக்னல் எடுக்காது, அதனால் எல்லோரும் ஆபீஸ் வைஃபையில்தான் இருப்பார்கள். கவனியுங்கள். நம் பேச்சு அவர்கள் கம்பி வழியாகப் போகிறது. எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே உறுத்தல்.

போன வருஷம் போனஸ் பேச்சுவார்த்தை முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஆப் நின்றுவிட்டது. எழுதி அனுப்பினால் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் காட்டும். டிக் விழாது. வைஃபை கோடு நிறையக் காட்டுகிறது, செய்தி மட்டும் நகரவில்லை. கேட்டுக்கு வெளியே போனால் கடகடவென்று போகிறது. உள்ளே வந்தால் நிற்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? யாருக்கெல்லாம் நின்றிருக்கிறது என்று நானே பிரிவு பிரிவாகப் போய் விசாரித்தேன். அத்தனை பேரும் நம் ஆட்கள்.

ஆமாம், நம் ஆட்களிடம்தான் கேட்டேன். மேனேஜர் அறைக்குள் போய் உங்கள் போன் வேலை செய்கிறதா என்றா கேட்பேன்?

அன்று மாலை கேட் கூட்டம். குரூப்பில் போட்ட அழைப்பு யாருக்கும் போய்ச் சேரவில்லை, அது எனக்கு அப்போது தெரியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே கொடிக்கம்பம், டீக்காரர், நல்லுசாமி, நாலைந்து பேர். மாடி ஜன்னலில் பெர்சனல் மேனேஜர் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் தொலைபேசியில் பேசினாரே, அதே ஆள்தான். என் வாழ்நாளில் ஆளில்லாத கூட்டத்தில் நான் பேசியதில்லை. அன்று பேசினேன். முழுதாகப் பேசினேன், ஒரு வரி விடாமல். டீக்காரர்தான் கை தட்டினார்.

அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் அது முன்னால் நடந்தது.

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு பெண். சிஸ்டம் அசிஸ்டென்ட். பெயர் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே சொன்னது போதும். வேலைக்குச் சேர்ந்து நிரந்தரமான கையோடு சங்கத்தில் சேர்ந்தவள். ஆபீஸ்காரர்கள் எவரும் சேர மாட்டார்கள், இவள் மட்டும் சேர்ந்தாள். சந்தா ரசீது நான்தான் எழுதிக் கொடுத்தேன். "ஆபீஸ்ல இருந்துக்கிட்டுச் சங்கத்துல சேர்றியேம்மா, பயமில்லையா?" என்றேன். "மேனேஜரை விட உங்களைப் பாத்தாத்தானுங்ணா பயம்" என்றாள். வாய் கொஞ்சம் உண்டு.

ஆப் நின்ற மறுநாள் காலையிலிருந்து அவள் ஒவ்வொரு இடமாகப் போனாள். போனை வாங்கிப் பார்ப்பாள். வைஃபையை அணைத்துப் போடுவாள். ஒரு சிலருக்கு ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்தாள். ஒருவருக்குச் சரியாகும், பத்து நிமிஷத்தில் பக்கத்து ஆளுக்கு நிற்கும். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்காணிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் என்னிடமே வந்தாள்.

"அண்ணா, ஆப்புல ஒண்ணுமில்லீங். நம்ம நெட்வொர்க்குலதான் பழுது."

பழுது. அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கக் கூடாது, தோழர்.

"என்ன பழுது?" என்றேன்.

"ஒரு போன் வைஃபைக்குள்ள வந்ததும், எனக்கு ஒரு நம்பர் குடுன்னு கேக்குமுங். அதைக் குடுக்கறதுக்கு நம்ம ஆபீஸ்ல ஒரே ஒரு மிஷின்தான். இப்ப வேற ஏதோ ஒண்ணு முந்திக்கிட்டு நம்பர் குடுக்குது. அதுகிட்ட வாங்கின போனுக்கு வெளிய போற வழி தெரியாதுங்ணா. அதான் கடிகாரம் காட்டிக்கிட்டே நிக்குது. மேனேஜர் போனும் காலையிலிருந்து நிக்குது."

"நாடகம்" என்றேன்.

"என்னங்ணா?"

"ஒன்றுமில்லை. மேலே சொல்."

"எங்கியோ ஒரு டப்பா இருக்குதுங்ணா. யாரோ கொண்டாந்து செருகியிருக்கறாங்க. மேற்குப் பக்கத்துக் கேபிள்ல இருந்துதான் வருது. ஸ்டோர் பாத்துட்டேன், டைம் ஆபீஸ் பாத்துட்டேன். பாக்கி நம்ம சங்க அறை ஒண்ணுதான். சாவி குடுத்தீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல பாத்துட்டு வந்தர்றேன்."

உங்களுக்கு இதன் கனம் தெரியாது. எங்கள் சங்க அறைக்குள் நிர்வாகத்தைச் சேர்ந்த எவரும் கால் வைக்கக் கூடாது. ஸ்ட்ரைக்குக்குப் பிறகு போட்ட ஒப்பந்தத்தில் அது ஒரு ஷரத்து. அதற்காக இருபத்தோரு நாள் வெளியே கிடந்தோம். கூட்டுகிற அம்மாளைக்கூட நாங்கள் விடுவதில்லை, நாங்களே கூட்டுவோம். அப்படிப்பட்ட அறையின் சாவியை இவள் கேட்கிறாள்.

"நீ சங்க உறுப்பினராகக் கேட்கிறாயா, சிஸ்டம் டிபார்ட்மெண்டாகக் கேட்கிறாயா?" என்றேன்.

"ரெண்டும் நான்தானுங்ணா."

"அப்படி ஒரு ஆள் இருக்க முடியாது."

சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். சாயங்காலம் மறுபடி வந்தாள். "சாவி வேண்டாமுங், நீங்களே உள்ள போயி, லைட்டு மினுக்கற டப்பா ஏதாச்சும் இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்ணா." வேலையைப் பார் என்றேன். மறுநாள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போய்விட்டாள்.

என்ன கேட்டீர்கள்? டப்பா இருந்ததா என்றா?

இருந்தது.

அது நிர்வாகத்தின் டப்பா இல்லை, சங்கத்தின் டப்பா. நான் வாங்கினேன். நம் பேச்சு அவர்கள் கம்பியில் போகக் கூடாது, சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு வைஃபை வேண்டும் என்று கமிட்டியில் எவ்வளவோ சொல்லியிருந்தேன். தெரிந்த எலக்ட்ரிக் கடையில் வாங்கி வந்து நானே மாட்டினேன். சங்க அறைச் சுவரில் ஒரு நெட்வொர்க் துளை இருந்தது. அந்தத் துளை யார் போட்டது, அதற்குள் வருகிற கம்பி யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. அறை நம்முடையது, சுவர் நம்முடையது. டப்பாவின் முதுகில் ஐந்து துளை. கடைக்காரர் நிறம் சொல்லியிருந்தார், எந்த நிறம் என்பது வழியிலேயே மறந்துவிட்டது. ஏதோ ஒன்றில் செருகினேன். விளக்கு எரிந்தது. வைஃபைக்குச் 'செங்கொடி' என்று பெயரும் வைத்தேன், நல்லுசாமியின் மகள் போனில் சொல்லச் சொல்ல. போனில் அந்தப் பெயரைப் பார்த்தபோது, சிரிக்காதீர்கள், கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் அதிலும் செய்தி போகவில்லை. பார்த்தீர்களா, இதையும் தடுத்துவிட்டார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். கொடிகள் வைத்திருக்கிற அலமாரிக்குப் பின்னால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

டப்பா முதலிலா, ஆப் நின்றது முதலிலா?

நீங்கள் மில்லில் வைண்டிங்கில் இருக்கிறேன் என்றீர்கள். வக்கீல் மாதிரி கேட்கிறீர்களே.

துண்டறிக்கையில் தெளிவாகவே இருக்கிறது. 'தடை வந்தது, ஆகவே மாற்று ஏற்பாடு செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டோம்.' இதுதான் வரிசை. துண்டறிக்கையில் இதுதான் வரிசை. அதைத்தான் சொல்ல முடியும். அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது.

அதோ, டவாலி வெளியே வருகிறார். யாரைக் கூப்பிடப் போகிறார் பார்க்கலாம்.

கேட்டீர்களா. மனுதாரர் ம. கோகிலவாணி. ஒரே தடவைதான் வாசித்தார், உடனே எழுந்து உள்ளே போகிறாள் பாருங்கள். பச்சைச் சேலை. தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாளே, அவள்தான். ஆமாம், அவளேதான். காலையில் நான் படியேறும்போது எதிரே வந்தாள். "வாங்ணா, சாப்ட்டீங்களா?" என்றாள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சாப்பிடவில்லை.

அவளுக்கு வேலை போய்விட்டது. திரும்ப எடுக்கச் சொல்லித்தான் வழக்கு.

வரிசையாக வருகிறேன். எங்கள் கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் வாசிப்பு என்போம். ஸ்ட்ரைக் சமயத்தில் கருங்காலி எவனாவது உள்ளே போனால் மாலையில் எல்லோரையும் கூட்டி, சாட்சியாக வைத்து, அவன் பெயரை மைக்கில் மூன்று தடவை வாசிப்போம். ஒவ்வொரு வாசிப்புக்கும் இடையில் கொஞ்சம் நேரம் விடுவோம். மூன்றாவது வாசிப்புக்குள் அவன் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று பதில் சொன்னால் பெயரை அடிக்க மாட்டோம், என்ன செய்திருந்தாலும் சரி. வரவில்லை என்றால் மூன்றாவதோடு சங்கத்தில் அவன் இல்லை. கேன்டீனில் அவனோடு எவரும் உட்கார மாட்டார்கள். அவ்வளவு ஏன், இரண்டாவது வாசிப்பில் ஓடி வந்து அழுதவனை நாங்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான்.

துண்டறிக்கை எழுதினேன். 'நிர்வாகத்தின் கைக்கருவியாக நின்று தொழிலாளர்களின் குரல்வளையை நெரித்தவர்' என்று ஒரு வரி. அந்த வரியை நல்லுசாமி இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார். அடுத்த நாள் மாலை ஆள் மூலம் சொல்லியனுப்பிக் கூட்டம் சேர்த்தோம். இந்தத் தடவை கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் ஆள். மாடி ஜன்னலைப் பார்த்தேன். மேனேஜர் நின்றார், கையில் டம்ளர் இல்லை. எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் சங்கத்து ஆள்தானே.

வாசித்தேன். ஒரு தடவை. விட்டு, இரண்டாவது தடவை. அவள் வரவில்லை. மூன்றாவது தடவையும் வாசித்தேன். வழக்கப்படி.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? நன்றி.

வந்தாள்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வந்தாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். நேரே மைக்குக்குக் கீழே வந்து நின்றாள். "ஒரு நிமிஷமுங்ணா. அந்த டப்பா எங்க இருக்குதுன்னு இதுல" என்று ஆரம்பித்தாள். கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி வேறு இரைச்சல். எனக்குக் காதில் விழவில்லை.

விழுந்ததால்தான் உங்களுக்குச் சொல்ல முடிகிறது, இல்லையா.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் மூன்றாவது தடவை வாசித்தேன். அவள் லேப்டாப்பை மூடினாள். அந்தக் கூட்டத்திலும் மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி நடந்தாள். வழி விட்டார்கள். வழி விட்டார்கள் என்றால், மரியாதைக்காக விட்ட வழி இல்லை, சேலை படக் கூடாது என்று விட்ட வழி.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்கும்போது, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிறுத்தி, 'ஒரு நிமிஷம் இருங்கள், சங்க அறைக்குள் போய் அலமாரிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று எந்தத் தலைவன் சொல்வான்? இயக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஆளைவிட அது பெரியது. இதை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'அனுமதியின்றி நெட்வொர்க்கில் குறுக்கிட்டுத் தொழில் அமைதியைக் குலைத்தார். தொழிற்சங்கமே எழுத்து மூலம் புகார் தெரிவித்துள்ளது.' அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் ஒட்டியிருந்தார்கள், என் துண்டறிக்கையையும் பக்கத்திலேயே வைத்து. அந்தப் பலகையில் என் எழுத்து ஒட்டப்பட்டது அதுதான் முதல் தடவை. சாவி கிடைத்துவிட்டது போல.

நான் எடுக்கச் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சங்கத்திலிருந்துதான் நீக்கினேன். வேலையிலிருந்து நீக்கியது அவர்கள்.

அவள் போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஆப் அப்போதும் நின்றபடிதான். வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் வருவார் என்றார்கள். கமிட்டிக் கூட்டத்துக்குச் சங்க அறையில் டீ போடலாம் என்று கெட்டில் வாங்கியிருந்தோம். செருக இடமில்லை. அலமாரிக்குப் பின்னால் கை விட்டு டப்பாவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகினேன். தண்ணீர் கொதிக்கவில்லை, அதற்குள் எல்லோர் சட்டைப் பையிலும் போன் கத்த ஆரம்பித்தது. காலையிலிருந்து தேங்கிக் கிடந்த செய்தி எல்லாம் வந்து விழுகிறது. எல்லோருக்கும் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஆளில்லாத கூட்டத்துக்கு நான் போட்ட அழைப்பு, ஆபீஸ் வைஃபையை விட்டால் வேறு நெட் இல்லாத என் போனிலேயே அதுவரை கிடந்திருக்கிறது. 'அனைவரும் திரண்டு வாரீர்.'

நல்லுசாமி தொடையைத் தட்டினார். "பாத்தீங்களாண்ணா? அவ போனா, சரியாயிருச்சு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டேன்.

அவர்கள் போன பிறகு கெட்டிலை எடுத்துவிட்டு டப்பாவை மறுபடி செருகினேன். கொஞ்ச நேரத்தில் கடிகாரம் வந்தது. பிடுங்கினேன். வைஃபையை அணைத்துப் போட்டேன், டிக் விழுந்தது. தற்செயல் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு தடவை நடந்தாலும் தற்செயல் தற்செயல்தான். மூன்றாவது தடவை நான் செருகிப் பார்க்கவில்லை.

டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவ்வளவுதான் நடந்தது. வெளியாள் வந்து பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார்.

அவள் இந்தக் கோர்ட்டில் மனுப் போட்டாள். மனு நகலைக் கம்பெனி வக்கீல் என்னிடம் காட்டினார். அதில் ஒரு பத்தி. ஆப் நிற்பதற்கு ஒரு மாதம் முன்பே பெர்சனல் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, சங்கக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று எடுத்துக் கொடு, முடிந்தால் ஆபீஸ் நேரத்தில் அதை நிறுத்தி வை என்று சொல்லியிருக்கிறார். இவள் மாட்டேன் என்றிருக்கிறாள். 'அது என் வேலை இல்லை' என்று மெயிலும் அனுப்பியிருக்கிறாள். மெயிலை மனுவோடு சேர்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளை வெளியே தள்ள வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவள் வாதம்.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை? அதைத்தான் நான் கேட்கிறேன். சங்கத்தில் இருக்கிற பெண், செயலாளரிடம் வந்து சொல்ல வேண்டாமா? நான் கேட்டிருக்க மாட்டேனா?

இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேனே, அந்த மதியம் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். சாவிக்காக மட்டும் வந்து நின்றாளா, வேறு ஏதாவது சொல்ல வந்தாளா, எனக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி வக்கீலை நான் எப்படிப் பார்த்தேன் என்கிறீர்களா? அவர்தான் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் பழம் வாங்கி வந்திருந்தார். என் துண்டறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். "ஐயா, எத்தனையோ சங்க நோட்டீஸ் பாத்திருக்கேன். இப்படி ஒரு தமிழ், இப்படி ஒரு வரிசை பாத்ததில்ல. ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல" என்றார். இத்தனை வருஷத்தில் என் எழுத்தை அப்படி வாசித்தவர் எவருமில்லை. என் ஆட்கள் வாசிப்பார்கள், பஜ்ஜி மடிப்பார்கள். "நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேணாம். இதை எழுதினது நான்தான்னு சொல்லிட்டு இறங்கிருங்க. அது போதும்" என்றார்.

பொய் இல்லைதானே. எழுதியது நான்தான்.

ஆமாம், தோழர். சம்மன் அந்தப் பக்கத்திலிருந்துதான். அவர்கள் பட்டியலில் என் பெயரைப் போட்டுக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்? சட்டத்துக்கு எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, உண்மைதான் முக்கியம் என்று அந்த வக்கீலே சொன்னார். நான் ஸ்ட்ரைக் சமயத்தில் இதே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது அந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாட்சிகளைப் பார்த்துக் காறித் துப்பியிருக்கிறேன். இது எந்தப் பக்கத்துப் பெஞ்ச்? நீங்கள் எந்தப் பக்கம்? அப்படியானால் நான்தான் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

இருங்கள், டவாலி.

என் பெயர்தான். முதல் தடவை. போகிறேன், போகிறேன். கோர்ட்டிலும் மூன்று தடவை கூப்பிடுவார்கள், தெரியுமல்லவா. இன்னும் இரண்டு இருக்கிறது.

கேட்டீர்களே, இந்தப் பையில் என்ன என்று. கை வைத்துப் பாருங்கள். பயப்படாதீர்கள், லேசாகத்தான் இருக்கும். வீட்டில் பரண்மேல் இருந்தது. காலையில் வெறுங்கையோடு கிளம்பியவன் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்தேன். பேரன் பேத்தி விளையாடி உடைத்துவிடும் என்றுதான் எடுத்தேன் என்று வீட்டில் சொன்னேன். எனக்குப் பேரன் பேத்தி இல்லை. வீட்டுக்காரி அதை ஒரு துணியால் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

கடையின் ரசீதும் இதோடு ஒட்டியே இருக்கிறது. தேதி போட்டிருக்கிறது. ஆப் நிற்பதற்கு முந்தின நாள். உங்களுக்கு வரிசை தெரிய வேண்டும் என்றீர்களே.

உள்ளே இதைக் காட்டினால் அவளுக்கு வேலை திரும்பும். எனக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். நல்லுசாமிதான் கேட்டில் மைக்கைப் பிடிப்பார். குரல் நல்ல குரல் அவருக்கு. வரிசைதான் வராது. அதை நான் எழுதிக் கொடுத்துவிடலாம்.

வக்கீலின் ஜூனியர் நம்மைத்தான் தேடுகிறார். பாருங்கள், சிரித்துக்கொண்டே வருகிறார். இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள், என்னை மறைக்கும்.

இரண்டாவது தடவை. எல்லோரும் பார்க்கிறார்கள். உள்ளே கதவு ஓரத்தில் பச்சைச் சேலை தெரிகிறது, அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

பையைக் கொடுங்கள், தோழர். இல்லை, இங்கே வைத்துவிட்டுப் போக முடியாது. அது என்னோடு வர வேண்டும். கையைப் பிடியுங்கள். அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். மூன்றாவதுக்கு முன்னால் வந்து நிற்கிறவனுக்குப் பதில் சொல்ல இடம் உண்டு. அது எங்கள் வழக்கம். டவாலி ஐயா, வந்துவிட்டேன், இதோ நிற்கிறேன், பெயரை மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

என்னைப் பார்த்துக்கொண்டேதான் வாய் திறக்கிறார், பாருங்கள்.

"நிர்வாகத் தரப்புச் சாட்சி, ஆ. மாரண்ணன்."